மோரிஸும் ஃபியட்டும், நிறுத்த ஒரே இடமும்

1

ஈரோட்டிலிருந்து யார் போன் செய்தாலும் இப்போதெல்லாம் என் உடம்பைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் வண்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கடைசியில் எது போனது, மோரிஸா ஃபியட்டா? தம்பி எட்வின் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. நம் ஈரோட்டுச் சபையின் ஆண்டு மலரில் வெளியே போய்க் குடியேறியவர்கள் எழுதும் பக்கத்துக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லி ஆசிரியர் கேட்டதும், இதையே எழுதித் தொலைத்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

பெங்களூர் ஒரு வெளிநாடா என்று நீங்கள் சிரிப்பது தெரியும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருப்பவர்கள் பனியைப் பற்றியும் விசாவைப் பற்றியும் எழுதும் இடத்தில் இவளுக்கு என்ன வேலை? ராத்திரி ரயில் ஏறினால் விடியற்காலைக் காபிக்கு ஈரோடு வந்துவிடலாம், வாஸ்தவம்தான். ஆனால் ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் அத்தை மகளிடம், உன் வண்டி எந்த ஊர் நம்பர் என்று யாரும் இதுவரை தடியோடு வந்து கேட்டதில்லை. எங்கள் வீட்டு வாசலில் கேட்டிருக்கிறார்கள். ஆகவே எனக்கும் அந்தப் பக்கத்தில் கொஞ்சம் இடம் உண்டு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பதாம் வருஷம் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். லிங்கராஜபுரத்தில் குடித்தனம். ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் கணவர் சாமுவேல் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் கோலார் தங்கவயல்காரர்; தாத்தா காலத்திலேயே சுரங்க வேலைக்கு வந்த குடும்பம். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம், அதில் அவருக்கு ஒரு தடுமாற்றமும் கிடையாது. எங்களுக்கு ஒரே மகன், ரூபன். இங்கேயே பிறந்து வளர்ந்து, இப்போது ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறான். என்னிடம் தமிழிலும் அப்பாவிடம் பாதி தமிழிலும் நண்பர்களிடம் கன்னடத்திலும் கோபம் வந்தால் இங்கிலீஷிலும் பேசுவான்.

2

இனி வண்டிகள். இரண்டும் சின்ன வண்டிகள், இரண்டும் ஐரோப்பாவில் சாதாரண ஜனங்கள் வாங்கி ஓட்டுவதற்காகச் செய்தவை, இரண்டும் ஐம்பதுகளின் ஆரம்பத்தில் கப்பலேறி இங்கே வந்தவை. அவ்வளவுதான் ஒற்றுமை.

மோரிஸ் மைனர் என்னுடையது. விவசாய இலாகாவில் இருந்த என் அப்பா யாரோ ஒரு டாக்டரிடமிருந்து வாங்கியது. நம்மூர் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த காலத்தில் பதிவான மெட்ராஸ் நம்பர். நான் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அதில்தான். எண்பத்து நாலில் அப்பாவுக்குக் கண் மங்கியபோது சாவியை என் கையில் கொடுத்து, நீ கொண்டு போ, எட்வின் கையில் இருந்தால் ஒரே வருஷத்தில் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடுவான் என்றார். சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக நானே ஓட்டி வந்தேன். வழியெல்லாம் லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஃபியட் ஐந்நூறு என் கணவருடையது. இத்தாலிக்காரர்கள் அதைச் சுண்டெலி என்று கூப்பிடுவார்களாம். ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்திய அம்மாள் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகும்போது, நன்றாகப் பார்த்துக்கொள்வீர்களா என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை நேர்காணல் மாதிரி விசாரித்துவிட்டு இவரிடம் கொடுத்தார். பழைய மைசூர் மாநில நம்பர்.

எது நல்ல வண்டி என்பதுதான் எங்கள் வீட்டின் நிரந்தரச் சண்டை. மோரிஸில் நான்கு கதவு. நான்கு பேர் மரியாதையாக உட்காரலாம். ஃபியட்டில் இரண்டு பேர், பின்னால் ஒரு காய்கறிக் கூடை. மோரிஸின் ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேட்கும். வளைவில் போகும்போது ரோடு கைக்குத் தெரியும். ஃபியட்டுக்கு ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கும். அதன் என்ஜின் மூக்குக்குப் பக்கத்தில், ரேடியேட்டர் அதற்குப் பின்னால், பெட்ரோல் டேங்க் நம் முழங்காலுக்கு மேலே. வீடு கட்டினவன் சமையலறையை வாசலில் வைத்துவிட்டான் என்று நான் சொல்வேன். இவர் விடமாட்டார். உன் மோரிஸ் வளைவில் திரும்புவதற்கு விளக்குக்குப் பதிலாகக் கதவுத் தூணுக்குள்ளிருந்து சின்னதாக ஒரு கைகாட்டியை நீட்டுகிறதே, அதை எந்த ஆட்டோக்காரன் பார்க்கிறான் என்பார். அது நியாயமான கேள்வி. நான் ஜன்னல் வழியே என் கையையும் சேர்த்து நீட்டித்தான் இந்த ஊரில் வண்டி ஓட்டியிருக்கிறேன்.

புடவை கட்டுகிறவளாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபியட்டின் கதவு பின்பக்கம் கீல் வைத்து, நாம் பார்க்கும் கதவுகளுக்கு எதிர்த்திசையில் திறக்கும். முதலில் உட்கார்ந்து, பிறகு காலை உள்ளே எடுத்து வைத்தால் போதும், மடிப்பு கலையாது. ஆனால் ஓடும்போது தாழ் விட்டுவிட்டால் காற்று அந்தக் கதவைப் பிய்த்துத் திறந்துவிடும். அதனால் இவர் ஒரு கயிறு கட்டி வைத்திருந்தார். மழைக்கு இரண்டும் ஒழுகும். ஃபியட் துணிக்கூரையிலிருந்து தலையில் ஒழுகும், மோரிஸ் கண்ணாடி ரப்பரிலிருந்து காலில் ஒழுகும்.

உதிரி பாகத்தில் மோரிஸ் ஜெயித்தது. சிவாஜிநகர் குஜ்ரி மார்க்கெட்டில், பழைய சாமான் மலைக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் பாய், "மோரிஸா? ஆஜாவ், வாங்க டீச்சரம்மா" என்று எதையாவது தோண்டி எடுத்துவிடுவார். ஃபியட்டுக்கு ஒரு திருகாணி வேண்டுமென்றாலும் பீன்யாவில் யாராவது நண்பரிடம் சொல்லி லேத்தில் கடைந்துதான் போட வேண்டும்.

ஒன்றில் மட்டும் ஃபியட் எப்போதும் ஜெயித்தது. அகலம். எங்கள் வீடு இவருடைய அத்தை விட்டுப்போன ஓட்டு வீடு. சைக்கிள் காலத்து கேட். ஃபியட் அதில் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். மோரிஸ் போகாது. ஆகவே மைசூர் நம்பர் கேட்டுக்குள்ளே, மெட்ராஸ் நம்பர் தெருவில் புங்க மரத்தடியில். இருபது வருஷமும் அப்படித்தான் நின்றன. கேட்டை இடித்து அகலப்படுத்தலாம் என்று நான் சொல்வேன், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று இவர் சொல்வார்.

3

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தது. உங்களுக்கு அது பேப்பரில் படித்த விஷயம். எங்கள் பள்ளிக்கூடத்தை மத்தியானமே மூடிவிட்டார்கள். ரூபனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. இவர் ஊரின் அந்தக் கோடியில், பீன்யாவில். பஸ் இல்லை. தமிழ்நாட்டு நம்பர் வண்டிகளை எரிக்கிறார்கள் என்று பக்கத்துத் தெரு பால்காரர் சொல்லிவிட்டு நிற்காமல் போனார்.

மோரிஸை என்ன செய்வது? உள்ளே போகாது. ஓட்டிக்கொண்டு போய் எங்கே விடுவது? போர்வை போட்டு மூடினால், மூடியிருக்கிறதே என்று வந்து பார்ப்பார்கள். நான் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். வெளியே விட்ட சைக்கிளை உள்ளே எடுக்க ரூபன் எப்போது கேட் பக்கம் போனான் என்று கவனிக்கவில்லை. சத்தம் கேட்டு ஜன்னலுக்கு வந்தபோது அவனைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். சின்னப் பையன்கள்தான், என் பத்தாம் வகுப்பில் உட்கார வேண்டிய வயது. ஒருவன் தடியால் மோரிஸைக் காட்டி, இது யாருடைய வண்டி என்று கன்னடத்தில் கேட்டான்.

"கொத்தில்லா அண்ணா. நம்தல்ல" என்றான் ரூபன். தெரியாது அண்ணா, எங்களுடையது இல்லை. ஒரு பிசிறு இல்லாத கன்னடம்.

அவர்கள் கேட்டுக்குள்ளே நின்ற ஃபியட்டைப் பார்த்தார்கள், அதன் நம்பரைப் பார்த்தார்கள், வீட்டை விட்டுவிட்டார்கள். மோரிஸை மட்டும் அடித்தார்கள். முன் கண்ணாடி, விளக்குகள், அந்தச் சின்னக் கைகாட்டி எல்லாம் போயிற்று. யாரும் நெருப்பு கொண்டுவரவில்லை, அல்லது தெருவில் வீடுகள் நெருக்கமாக இருந்ததால் வைக்கவில்லை. ரூபன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கேட்டருகே நின்று முழுவதையும் பார்த்தான். வெளியே போய் ஒரு வார்த்தை பேசினால் என் கன்னடம் என்னைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று ஜன்னலிலேயே நின்றேன்.

இவர் மறுநாள்தான் வீடு வந்தார். கூட வேலை பார்க்கும் கன்னடக்காரர் ஒருவர் ராத்திரி தன் வீட்டில் வைத்திருந்து காலையில் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். நான் நடந்ததைச் சொல்லி, ரூபன் இல்லாவிட்டால் இன்றைக்கு வீடே இல்லை என்று அவனைக் கட்டிக்கொண்டேன். அந்த கிறிஸ்துமஸுக்கு ஈரோடு வந்தபோது உங்கள் எல்லோரிடமும் சொன்னேன். நினைவிருக்கும். "நம்தல்ல" என்று அவன் குரலிலேயே சொல்லிக் காட்டுவேன், நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். எட்வின் அவனுக்கு வக்கீல் என்றே பெயர் வைத்துவிட்டான். பல வருஷம் அது எங்கள் குடும்பத்தின் பெருமைக் கதையாக இருந்தது.

மோரிஸைச் சரிசெய்தோம். ரூபன் அதில் ஏறுவதை மெல்ல நிறுத்தினான். ஸ்கூலுக்கு ஒரு தெரு முன்னாலேயே இறக்கிவிடச் சொல்வான். பழைய வண்டியில் வருவது வெட்கம் போலிருக்கிறது, வயசு அப்படி என்று நினைத்துக்கொண்டேன். ஃபியட்டில் மட்டும் அப்பாவோடு ஜோராகப் போவான்.

4

இரண்டாயிரத்து நாலில் இரண்டு தொந்தரவுகள் ஒன்றாக வந்தன. முதலாவது, ஓட்டு வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுவதென்று முடிவாகி, எங்களுக்கு ஒரு ஃபிளாட்டும் கீழே ஒரே ஒரு வண்டி நிறுத்த இடமும் என்று ஒப்பந்தமாயிற்று. தெருவில் இனி நிறுத்தக்கூடாது. புங்க மரமும் போகிறது. ஆக, இரண்டில் ஒன்று போயே ஆக வேண்டும்.

இரண்டாவது தொந்தரவு நானாக வரவழைத்தது. பெயிண்ட் வேலைக்காக மோரிஸை அடுகோடிப் பகுதியில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போகும்போது டிராஃபிக் போலீஸ் நிறுத்தினார். சின்னப் பையன். தமிழ்நாட்டு வண்டியா, எத்தனை நாளாக இங்கே இருக்கிறது என்று கேட்டார். புத்தியுள்ள எவரும் போன வாரம் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்தோம் என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் இந்த ஊரில் என்னை யார் எத்தனை வருஷம் என்று கேட்டாலும் எனக்கு ரோஷம் வந்துவிடும். நேற்று ரயிலில் வந்து இறங்கினவளா நான்? நிமிர்ந்து உட்கார்ந்து, என் நல்ல கன்னடத்தில், இருபது வருஷம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே நோட்டீஸ் எழுதினார். ஒரு வருஷத்துக்கு மேல் இங்கே ஓடும் வெளிமாநில வண்டி கர்நாடக நம்பர் வாங்க வேண்டும், இல்லையென்றால் மாநிலத்தை விட்டுப் போக வேண்டும். கணக்கு டீச்சர் கணக்கை ஒப்பித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தாள்.

இந்த நேரத்தில்தான் வருண் வந்தான். சென்னைப் பையன், இங்கே மென்பொருள் வேலை, பழைய வண்டி சேகரிக்கும் பித்து. ஒரு சனிக்கிழமை காலை முழுக்க இரண்டு வண்டியையும் டாக்டர் மாதிரி பரிசோதித்தான். பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது என்பதற்காகச் சின்னக் காந்தம் ஒன்றைத் தகரத்தின் மேல் இழைத்துக்கொண்டே போனான். டார்ச் அடித்து எண்களைப் பார்த்தான். கடைசியில் காபி குடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னான். அழகுக்கும் அபூர்வத்துக்கும் ஃபியட். பழைய வண்டிக் கண்காட்சியில் நிறுத்தினால் எல்லோரும் அதைத்தான் போட்டோ எடுப்பார்கள். ஆனால் அதில் பாதி லேத்தில் கடைந்தது. மோரிஸ் அப்படியே இருக்கிறது. என்ஜின், சேஸிஸ், பதிவுப் புத்தகம் மூன்றிலும் எண் பொருந்துகிறது, அன்றைக்குக் கொடுத்த நம்பரே இன்றைக்கும் இருக்கிறது.

"நம்பர் மாத்தாம இருக்கறவரைக்கும்தான் ஆன்ட்டி இது கலெக்‌ஷன்ல வைக்கற வண்டி" என்றான். "கேஏ நம்பர் போட்டுட்டீங்கன்னா அப்புறம் அது ஒரு பழைய கார், அவ்வளவுதான்."

இரண்டில் எதைக் கொடுத்தாலும் எடுத்துக்கொள்வதாகவும், மோரிஸ் என்றால் சென்னையில் அப்பா வீட்டு ஷெட்டில் அதே நம்பரோடு வைத்துக்கொள்வதாகவும் சொன்னான். யோசித்துச் சொல்லுங்கள் என்று போய்விட்டான்.

என்ன நடந்தது என்று புரிகிறதா? மோரிஸை நான் வைத்துக்கொள்ள வேண்டுமானால் அதன் நம்பர் போக வேண்டும். நம்பர் இருக்க வேண்டுமானால் மோரிஸ் போக வேண்டும். அப்பா ஓட்டின வண்டியின் நம்பர். எனக்கு என் ரேஷன் கார்டு நம்பர் தெரியாது, அந்த நம்பர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

5

இவருக்கு ஒரு குழப்பமும் இல்லை. மோரிஸை வருணிடம் கொடு, வண்டியும் பிழைக்கும் நம்பரும் பிழைக்கும் என்றார். ஃபியட்டுக்கு எந்தத் தொந்தரவும் கிடையாது, அந்த நம்பர்தானே அன்றைக்கு வீட்டைக் காப்பாற்றியது என்றும் சேர்த்துக்கொண்டார். உங்கள் வண்டி உள்ளே இருந்தது, என் வண்டி தெருவில் அடிவாங்கியது, இப்போது அதுவே உங்களுக்கு வாதமா என்று கேட்டேன். அன்று சாயங்காலம் இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

கல்யாண மண்டபம் நடத்தும் எட்வினுக்குப் போன் செய்தேன். ஈரோட்டிலேயே வைத்துக்கொள்கிறாயா, நம்பர் மாறாது, நான் வரும்போதெல்லாம் ஓட்டுவேன் என்று கேட்டேன். தாராளமாக என்றான். எங்கே நிறுத்துவாய் என்றேன். "நம்ம மண்டபத்து முன்னாடிதானுங்கக்கா. டயரக் கழட்டிப்போட்டு, ரெண்டு பக்கமும் பூந்தொட்டி வெச்சு லைட்டு போட்டம்னா ஜம்முனு இருக்குமுங்க. பொண்ணு மாப்பிள்ளை நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க" என்றான். அப்பா அவனைச் சரியாகத்தான் கணித்திருந்தார். போனை வைத்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது ரூபன். அவன் இதிலெல்லாம் பேசவே மாட்டான். வேலை, போன், ஹெட்போன். வருகிறான், சாப்பிடுகிறான், போகிறான். கேட்டால் மோரிஸை விற்றுவிடு என்றுதான் சொல்வான் என்று நினைத்து, கேட்காமலே இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனாகவே அடுப்படிக்கு வந்து கதவில் சாய்ந்து நின்று, மோரிஸை வைத்துக்கொள், நம்பரை மாற்றிவிடலாம், ஆர்டிஓ வேலையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

நம்பரை மாற்றவா? உனக்கு ஊர் தெரியாது, தாத்தாவைத் தெரியாது, உனக்கு அது வெறும் தகரம் என்று கொட்டித் தீர்த்தேன். அவன் கோபப்படவில்லை, இங்கிலீஷுக்கும் போகவில்லை. நான் ஓயும்வரை நின்றான்.

"அன்னிக்கு நான் சாமர்த்தியமா பேசினேன்னு எல்லார்கிட்டயும் சொன்ன இல்லம்மா?" என்றான். "சாமர்த்தியம் எல்லாம் ஒண்ணுமில்ல. எனக்கு பயம். நம்மதில்லன்னு சொன்னேன். அப்புறம் அவங்க அடிக்கறப்போ, நம்மதில்லாத மாதிரியே நிக்கணும் இல்ல? நின்னேன். அழக்கூட முடியல. நீ ஈரோட்ல அத சொல்லிச் சொல்லிச் சிரிக்கறப்போ எல்லாம் எனக்கு அந்தச் சத்தம்தான் கேக்கும்."

நான் அடுப்பை அணைத்தேன்.

"இப்பவும் யாராச்சும் இது உங்க வண்டியான்னு கேட்டா, நான் ஃபர்ஸ்ட் அவங்க மூஞ்சியப் பாக்கறேன்மா. அப்புறம்தான் பதில். இந்த ஊர் நம்பர் போட்டுட்டா பாக்க வேண்டாம். நம்ம வண்டின்னு சொல்லிடலாம். எனக்கு அது போதும்."

சிரித்தது நான் மட்டுமா, நீங்களும்தான். ஆனால் அவன் யாரையும் குற்றம் சொல்லவில்லை. பயமாக இருந்த ஒரு நாளைச் சிரிப்பாக மாற்றியதால்தான் என்னால் மறுபடி தெருவில் இறங்கி நடக்க முடிந்தது என்று அவனிடம் சொல்ல நினைத்தேன், சொல்ல வரவில்லை. ஒன்பது வயதுப் பையன் பதின்மூன்று வருஷம் ஒரு வண்டிக்கு அந்நியனாக நடந்துகொண்டிருக்கிறான், நான் அதை வயசுக் கோளாறு என்று விட்டிருக்கிறேன். அன்று சாயங்காலம் இவரிடம், ஃபியட்டை வருணிடம் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். ரூபன் சொன்னதையும் சொன்னேன். இவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "புள்ளைக்கோசரம்னா இன்னா பண்றது, குடுத்துடலாம்" என்றார். அவ்வளவு வருஷச் சண்டையில் அவர் தோற்றது அந்த ஒருமுறைதான், எனக்கு அதில் துளி சந்தோஷம் இல்லை.

6

ஆர்டிஓ கதையை முழுக்க எழுதினால் மலரில் வேறு யாருக்கும் இடம் இருக்காது. தமிழ்நாட்டிலிருந்து ஆட்சேபணை இல்லை என்ற சான்று வேண்டும். கோயம்புத்தூர் ஆபீஸ், ஈரோடு பிரிந்தபோது பதிவேடு அங்கே போய்விட்டது என்றது. ஈரோடு, வரவேயில்லை என்றது. எங்கள் வண்டி காகிதத்தில் இரண்டு ஊருக்கும் நடுவில் எங்கேயோ முங்கிவிட்டது. பூந்தொட்டி ஆசை போன வருத்தத்திலும் எட்வின்தான் நடையாய் நடந்து அதைக் கண்டுபிடித்து வாங்கி அனுப்பினான். அதற்கு அவனுக்கு நன்றி.

இங்கே, சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த காகிதம் வேண்டும் என்றார்கள். அந்த எண் பல பூச்சு பெயிண்டுக்கு அடியில் இருந்தது. ரூபன் பானெட்டுக்குள் தலையை விட்டு, உப்புத்தாளால் மெதுவாகச் சுரண்டி, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலை இழைத்தான். ஒவ்வோர் இலக்கமாகத் தாளில் எழுந்து வந்தது. அம்மா வந்திருச்சு, வந்திருச்சு என்று கூப்பிட்டான். அந்த வண்டியின் மேல் அவன் கைபட்டு நான் பார்த்தது அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான். மூக்கெல்லாம் கரி.

ஆபீஸில் கவுண்டரில் நான் கன்னடத்தில் கேட்டேன். கிளார்க் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் தமிழில் பதில் சொன்னார். எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்திருப்பார். இருபத்து நாலு வருஷமாக இந்த ஊரில் நான் கன்னடத்தில் கேட்கிறேன், ஊர் எனக்குத் தமிழில் பதில் சொல்கிறது. ரூபன் பேசியதும் அவர் கன்னடத்துக்குத் திரும்பினார். எந்த ஊர் தம்பி என்று கேட்டார். இதே ஊர்தான் சார் என்றான். அப்போ அம்மா, என்றார். அம்மா ஈரோடு, என்றான். அவன் சொன்னது முழுக்க உண்மை. பக்கத்தில் நின்றுகொண்டிருந்த எனக்கு, யாரோ ஒரு விருந்தாளியை அறிமுகப்படுத்துகிற மாதிரி இருந்தது.

அந்த மாதக் கடைசியில் வருண் வந்து ஃபியட்டை எடுத்துப் போனான். மோரிஸ் இல்லையென்றதில் அவனுக்கு ஏமாற்றம்தான், காட்டிக்கொள்ளவில்லை. போகிற போக்கில் மோரிஸின் புது நம்பர் பலகையைப் பார்த்துவிட்டு, இழவு வீட்டில் சொல்வது போல என் கையைப் பிடித்து அழுத்தினான். இவர் கதவுக்குக் கட்டும் கயிற்றின் முடிச்சை எப்படிப் போடுவது என்று அவனுக்கு மூன்று முறை காட்டிக் கொடுத்தார். வண்டி தெருமுனை திரும்பியதும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். இப்போதும் ஃபிளாட்டின் கீழே போனால் மோரிஸைச் சுற்றிக்கொண்டு நடக்கிறாரே தவிர, அதைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொல்வதில்லை. அந்தச் சண்டையில்லாத வீடு எனக்கு இன்னும் பழகவில்லை.

7

போன மாதம் இங்கே பெங்களூரில் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. நல்ல கூட்டம். மோரிஸை ரூபன்தான் ஓட்டி வந்தான். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அவனே சாவி கேட்பான். உள்ளே இடமில்லாமல் நுழைவு கேட்டுக்குப் பக்கத்தில் விட்டு, சாவியை என் பையில் போட்டுக்கொண்டு வந்தோம். எங்கள் சபையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் முன் வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

காணிக்கையாக வந்த காய்கறி, பழங்களை ஏலம் விடும் நேரத்தில் சபைச் செயலாளர் மைக்கைப் பிடித்தார். காய்கறி ஏற்றிய வண்டி உள்ளே வர முடியவில்லை, கேட்டருகே நிற்கும் காரை எடுக்கவும் என்று ஒரு நம்பரை வாசித்தார். கேஏ சைபர் மூணு என்று ஆரம்பித்து என்னவோ நாலு இலக்கம். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி வாசித்தார். பக்கத்தில் இருந்த மேரியம்மாவிடம், எவ்வளவு பொறுப்பில்லாதவர்கள் பாருங்கள், படித்தவர்களாகத்தான் இருப்பார்கள் என்றேன். அவரும் உச்சுக்கொட்டினார். மூன்றாம் முறை வாசிக்கும்போது செயலாளரின் குரலில் சூடு ஏறியிருந்தது. நான் திரும்பிப் பின்வரிசைகளை முறைத்துப் பார்த்தேன்.

ஆண்கள் பக்கத்திலிருந்து ரூபன் எழுந்து நின்றான். எங்கேயோ வெளியே போய்ப் பேசிக்கொண்டிருந்து அப்போதுதான் உள்ளே வந்திருக்கிறான்.

"சாரி சார், நம்ம வண்டிதான். இதோ எடுத்துடறேன்" என்றான், கோயில் முழுக்கக் கேட்கும்படி. பிறகு பெண்கள் பக்கம் வந்து குனிந்து, "அம்மா, சாவி" என்று கையை நீட்டினான்.

பையைத் திறந்து சாவியைக் கொடுத்தேன். அவன் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் நம்பரைக் கொடுத்தேன், அதற்காகத்தான் இவர் ஃபியட்டைக் கொடுத்தார். அவன் சொல்லிவிட்டான். மூன்று முறை மைக்கில் கூப்பிட்டும் அது என் வண்டி என்று எனக்குத்தான் தெரியவில்லை.